எக்ஸ்ரே அறைச் சுவருக்கு இந்தப் பக்கம்

பயப்படுவது எனக்கு ஒரு வேலை மாதிரி. காலையில் முகம் கழுவுவதற்கு முன்பே தொடங்கிவிடுவேன். கேஸ் குழாயில் வெடிப்பு இருக்குமோ, கடைப் பூட்டின் திறப்பை எங்கேயாவது போட்டுவிட்டேனோ, இரவு பெய்த மழையில் துணிக்கட்டு நனைந்திருக்குமோ என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். என் மகள் சொல்லுவாள்: "உம்மாவுக்குப் பயப்பட ஒன்டும் இல்லாட்டி, ஏன் ஒன்டுமே இல்லை எண்டு பயம் வந்திரும்."

நான் அதிகம் படித்தவள் இல்லை. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு ஊரை விட்டு விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது ஏழாம் வகுப்பில் இருந்தேன். முகாமில் கிடுகுக் கொட்டிலுக்குள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கொஞ்சக் காலம் போனேன். பிறகு உம்மாவுக்குத் துணையாகத் தையல் மெசினில் உட்கார்ந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். அதனால் கதிர், துணிக்கை என்று இதில் நான் எழுதப்போவதெல்லாம் படித்துத் தெரிந்தது இல்லை. பயந்து தெரிந்துகொண்டது.

யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருசங்களுக்குப் பிறகு புத்தளம் டவுனில் ஒரு சின்னக் கடை எடுத்து பெண்கள் போடுகிற கறுப்பு அபாயா தைக்கத் தொடங்கினோம். நானும் மகளும்தான். ஒரே கட்டடத்தைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இரத்தம் பார்க்கிற, எக்ஸ்ரே எடுக்கிற ஒரு இடம். எக்ஸ்ரே மெசின் வந்து இறங்கிய நாளிலேயே நான் போய்க் கேட்டேன். அங்கே வேலை செய்கிற தம்பி என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். நெஞ்சுப் படம் எடுக்க ஆளை நிறுத்துகிற ஸ்டேண்ட் எங்கள் சுவருக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. கதிர் அந்தப் பக்கம்தான் போகும், அந்தச் சுவருக்கு ஈயத் தகடு அடித்திருக்கிறது, உங்கள் பக்கத்துக்கு ஒன்றும் வராது என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சுவரைப் பற்றிப் பயப்படுவதை விட்டுவிட்டு வேறு விசயங்களுக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

என் தங்கச்சியின் மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கடைசி வருச ஆராய்ச்சிக்கு எடுத்த விசயமே எக்ஸ்ரே கதிர் சிதறுவதுதான். எங்கள் பக்கத்துக் கடையில் ஒரு எக்ஸ்ரே அறை இருப்பது தெரிந்ததும், ஒரு விடுமுறையில் வந்து, அந்தத் தம்பியிடம் அனுமதி கேட்டு, என்னுடைய அளவு நாடாவையே வாங்கிக்கொண்டுபோய் அறை முழுவதையும் அளந்தாள். பிறகு போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் என் மகள் வயிற்றில் பிள்ளை உண்டானது.

அதற்கு முதல் ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. அந்த முறை செய்தி தெரிந்த கிழமையே ஊருக்கெல்லாம் சொல்லி, இனிப்பும் கொடுத்திருந்தோம். ஆகவே இந்த முறை கனமூலை என்ற ஊரில் இருந்த அவளுடைய மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஏழு மாசம் ஆகுற வரைக்கும் ஒருத்தருக்கும் வாய் திறக்கப்படாது. கண்ணூறு பொல்லாது." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் தங்கச்சிக்குக்கூட நான் சொல்லவில்லை. மகள் பெரிய அபாயாவைப் போட்டுக்கொண்டு வழக்கம் போலக் கடைக்கு வந்து, யன்னலோரம், அந்தச் சுவரோடு ஒட்டிய மெசினில் உட்கார்ந்து தைத்தாள். மாப்பிள்ளை லீவில் வந்துவிட்டுக் கட்டாருக்குத் திரும்பிப் போயிருந்தார். வீட்டில் சும்மா இருந்தால் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் கேட்கும்.

ஒருநாள் எக்ஸ்ரே தம்பி எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். என்னை அக்கா முறை வைத்து ராத்தா என்பார்.

"ராத்தா, பெரிய கேர்ட்டன் ஒன்டு தெச்சித் தரணும். வந்து அளவு எடுங்களேன்."

"எதுக்குத் தம்பி?"

"பொம்புளயள் உடுப்பு மாத்துறதுக்கு. எத்தாளைலருந்து, கரைத்தீவுலருந்தெல்லாம் வாறாங்க. நெஞ்சுப் படம் எடுக்க நிக்கக்குள்ள கதவுக் கண்ணாடிக்குள்ளால வெளிய வாங்குப் பலகையில இரிக்கிற ஆம்புளயளுக்கு முதுகு தெரியுதாம். ரெண்டு மூணு பேர் படம் எடுக்காமலே போய்ட்டாங்க. அதான் போன மாசமே ஸ்டேண்டக் கழட்டி இஞ்சால மூலைச் சுவரோட சேர்த்துப் பூட்டியாச்சி. இப்ப ஒருத்தருக்கும் தெரியாது."

"நல்ல வேலை செஞ்சீங்க" என்று சொல்லிக்கொண்டே நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். மனதாரத்தான் சொன்னேன். முதுகுப் பக்கம் நாடாக் கட்டுகிற அந்த மெல்லிய சட்டையோடு நானும் ஒருமுறை அங்கே நின்றிருக்கிறேன். அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும்.

உள்ளே போய் நாடாவை விரித்தேன். அப்போது ஸ்டேண்டுக்குப் பின்னால், சுவருக்குள்ளால், ஒரு மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. சற்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். என் மகள் கைப்பட்டி தைக்கிற சத்தம் அது. எந்த இடத்தில் நிறுத்தி ஊசியைத் தூக்குகிறாள் என்பது வரை எனக்கு விளங்கியது.

நாடா கையிலிருந்து சுருண்டு விழுந்துவிட்டது.

"தம்பி, கதிர மறிக்க இந்தச் சுவர் காணுமா?"

"கல்லுச் சுவர்தானே ராத்தா." அவர் சுவரில் தட்டிக் காட்டினார். "கொழும்புலருந்து கதிர் அளந்து பாக்குறவங்க வருவாங்க. முதலாளி சொல்லிரிக்காரு. ஏன், உங்கட பக்கம் யாராச்சும்..." என்று இழுத்தார்.

ஓம் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நாக்கு நுனி வரை வந்தது. வாங்கில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், கதவு திறந்திருந்தது. மாமியார் சொன்னதும், போன முறை வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒன்றாக முன்னால் வந்து நின்றன. "இல்லத் தம்பி, சும்மா கேட்டன்" என்றேன். அளவை இரண்டு தடவை பிழையாக எழுதிக்கொண்டு திரும்பினேன்.

அன்று பின்னேரம் வரை என்னால் ஒரு தையலும் போட முடியவில்லை. சீத்தைத் துணிக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தச் சுவரோடு அடுக்கத் தொடங்கினேன்.

மகள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "என்ன உம்மா, கடை மாத்துறீங்களா?"

நான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "சீத்தையைப் பார்த்து எக்ஸ்ரே வெக்கப்பட்டுத் திரும்பிப் போகுமா?"

"என்ட மெசினுக்கு மாறி இரு புள்ள."

"அங்க வெளிச்சம் இல்ல. கறுப்புத் துணியில கறுப்பு நூல் தெரியாது. இந்தக் கடையில எந்த மூலைக்குப் போனாலும் அதே சுவர்தானே உம்மா."

அவள் சொன்னது உண்மை. கை நீட்டினால் இரண்டு பக்கமும் தொடலாம் போன்ற கடை. ஆனால் என்னைக் குடைந்தது அது மட்டும் இல்லை. இனி அவளை எங்கேயாவது மாற்றி இருத்திவிடலாம். ஸ்டேண்டை மாற்றிய நாளிலிருந்து இன்று வரை நடந்தது நடந்ததுதானே. எத்தனை பேர் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள், எத்தனை தரம் அந்த மெசின் எங்கள் சுவரைப் பார்த்து மின்னல் மாதிரி வெட்டியிருக்கும். வயிற்றுக்குள் கை முளைக்கிற, கண் முளைக்கிற மாதங்கள் அவை. தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூதில் இருக்கும்போதுகூட இதே நினைப்புத்தான்.

அன்று இரவுதான் தங்கச்சி மகள் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எத்தாளையில் அவர்கள் வீட்டில் கரண்ட் அடிக்கடி போகும் என்று விடுமுறைக்கு எங்களிடம்தான் தங்குவாள். சாப்பாட்டு மேசையில் லெப்டொப்பைத் திறந்து, பெருமையாக ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு உருளை. உருளையிலிருந்து மயிர் மாதிரி மெல்லிய பச்சைக் கோடுகள் நாலு பக்கமும் பறந்தன.

"இது என்ன புள்ள?"

"உங்கட பக்கத்துக் கடை எக்ஸ்ரே அறை, பெரியும்மா. இந்த உருளைதான் படம் எடுக்க வந்த ஆள். உடம்பில கூடுதலாத் தண்ணிதானே, அதால தண்ணி நிரப்பின உருளை எண்டு போட்டிருக்கன்."

"கோடெல்லாம்?"

அவள் விளக்கினாள். மெசினிலிருந்து வருகிற கதிரில் கொஞ்சம் ஆளுக்குள்ளால் நேராகப் போய்ப் படமாக விழுமாம். கொஞ்சம் உடம்புக்குள்ளேயே நின்றுவிடுமாம். மிச்சம் உள்ளே எதிலோ முட்டி, திசை மாறி, கண்ட கண்ட பக்கமெல்லாம் போகுமாம். அது படத்தில் விழுந்தால் படம் மங்கும், சளி எது நிழல் எது என்று டொக்டருக்கு விளங்காமல் போகும். எவ்வளவு சிதறுகிறது என்று கணக்குப் பார்த்துக் கழித்தால் படத்தைத் துலக்கலாம். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எனக்கு அபாயாவில் தைக்கிற மணிதான் ஞாபகம் வந்தது. டப்பா கைதவறி விழுந்தால் மணி ஒரு பக்கமாகவா போகிறது? அலுமாரிக்கு அடியில், கதவுக்கு வெளியில், செருப்புக்குள். கூட்டி முடித்த பிறகும் காலில் குத்தும்.

"எந்தப் பக்கம் போகும் எண்டு கொம்பியூட்டருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. கதிர் எண்டது சின்னச் சின்னத் துணிக்கைதானே. ஒவ்வொரு துணிக்கைக்கும் தாயம் உருட்டிப் பார்க்கும். நிக்குமா, போகுமா, திரும்புமா எண்டு. கோடிக்கணக்கில உருட்டினா உண்மையில நடக்கிற மாதிரியே வரும்."

"தாயமா? அரசாங்கக் காசில சூதா படிக்கிறீங்க?"

"இந்த முறைக்கே சூதாடுற ஊர் ஒன்டின்ட பேரைத்தான் பெரியும்மா வச்சிருக்காங்க."

"அஸ்தஃபிருல்லாஹ்!"

குசினியிலிருந்து மகள் சத்தம் போட்டாள்: "உன்ட வாப்பாக்குச் சொல்லிராத புள்ள, படிப்பை நிப்பாட்டிருவாரு."

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. படத்தில் அந்த ஸ்டேண்ட் பழைய இடத்தில், எதிர்ச் சுவரில் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துச் சுவரில் ஒன்றிரண்டு பச்சைக் கோடுகள்தான் வந்து முட்டின. அவள் அளந்த காலத்தில் அது அங்கேதானே இருந்தது.

"புள்ள, இந்த ஸ்டேண்டை உன்ட கொம்பியூட்டருக்குள்ள மாத்தி வைக்க ஏலுமா?"

"ஏலும். எங்க?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். ஏன் என்று கேட்டாள். கேர்ட்டன் கதையைச் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப நேர்க் கதிரே உங்கட சுவருக்கல்லவா வரும்" என்று தனக்குள் சொன்னாள். ஆட்களின் பெருமூச்சுக்குக் கூடப் பயப்படுகிறவள் நான். படித்தவள் ஒருத்தியின் முகம் அப்படி மாறியதைப் பார்த்ததும், மாற்றிப் பார் என்று அவளை அவசரப்படுத்தினேன்.

அவள் தட்டத் தொடங்கினாள். ஸ்டேண்ட் இடம் மாறியது, மெசின் திரும்பியது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஆளையும் போடுவம். எவ்வளவு உயரத்தில இருப்பா? எந்த இடத்துக்கு எவ்வளவு வருது எண்டு பார்க்கணும்? தலையா, கழுத்தா?"

"வயிறு" என்றேன்.

அவள் கை நின்றது. அந்த நேரம் மகள் பிளேன்டீயோடு வாசலில் நின்றாள். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா உம்மா?"

"நான் ஒன்டும் சொல்லல்ல புள்ள. வயிறு எண்டு மட்டும்தான்..."

தங்கச்சி மகள் எழுந்து போய் என் மகளைக் கட்டிப்பிடித்தாள். "எத்தினை மாசம் ராத்தா?" என்று காதுக்குள் கேட்டாள். மகளும் காதுக்குள்ளேயே சொன்னாள். பிறகு அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தண்ணீர் உருளையை வைத்தாள். அதற்குள் ஒரு சின்னத் தண்ணீர் உருண்டையை வைத்தாள். அந்த உருண்டை யார் என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. பிறக்காத பிள்ளையை இப்படித் திரையில் வைத்துப் பார்ப்பது நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியாமல், வாய்க்குள் மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டேன்.

"முதல்ல கொஞ்சமா எறிஞ்சு பார்ப்பம்" என்றாள்.

சிறிது நேரத்தில் படம் வந்தது. இந்த முறை கோடுகள் இல்லை, நிறங்கள். கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம் என்றாள். கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாகத் தெறித்துக் கிடந்தது. அந்தச் சின்ன உருண்டைக்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

நான் கத்திவிட்டேன். மகள் என் வாயைப் பொத்தினாள். "அயலுக்குக் கேக்கும் உம்மா!"

"பெரியும்மா, அது உண்மை இல்ல. கேளுங்க. கொஞ்சம் உருட்டினா தாயம் அப்படித்தான் விழும். ஒன்டு ரெண்டு எங்கயாவது மொத்தமா விழும். நிறைய உருட்டினாத்தான் சரியாத் தெரியும்."

"அப்ப நிறைய உருட்டு."

"ஒரு பகல் முழுக்க ஓடணும்."

"ஓடட்டும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிய சுபஹ் தொழுத கையோடு அவள் அதை ஓடவிட்டாள். நான் கடையைத் திறக்கவில்லை. பெருநாள் வேலை குவிந்து கிடக்கிறது என்று மகள் கோபித்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்து கையால் மணி தைத்தாள். உடுப்பு வாங்க வந்தவர்கள் போன் எடுத்தார்கள். வயிற்றோட்டம் என்று சொன்னேன். பயத்தில் அது கொஞ்சம் உண்மையாகவும் ஆகிவிட்டது.

லெப்டொப் மூச்சு வாங்குகிற மாதிரி இரைந்தது. சூடு ஏறினால் நின்றுவிடுமோ என்று பனையோலை விசிறியால் அதற்கு விசிறினேன்.

"பெரியும்மா, அதுக்கு உள்ளயே விசிறி இருக்கு."

"இருக்கட்டும். இதுவும் இருக்கட்டும்."

மத்தியானம் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும் நேரம் கரண்ட் போனது. நான் எழுந்து நின்றுவிட்டேன். பட்டரியில் ஓடும், பயப்படாதீர்கள் என்றாள். ஆனால் அவளும் எதையோ அவசரமாகத் தட்டிச் சேமித்ததைப் பார்த்தேன். பட்டரி குறையக் குறைய நான் ஓதுகிற துஆவைக் கூட்டினேன். கரண்ட் வந்தபோது யாரையோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டதைப் போல இருந்தது.

இடைக்கிடை அவள் படத்தைத் திறந்து காட்டினாள். முதலில் தெறித்துக் கிடந்த புள்ளிகளுக்கு நடுவில் வேறு புள்ளிகள் வந்து நிரம்பின. அந்தச் சிவப்புப் புள்ளி மஞ்சளாகி, அக்கம்பக்கத்தோடு கலந்து எங்கே இருந்தது என்றே தெரியாமல் போயிற்று. அதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது. ஆனால் சுவர் ஒழுங்காகத் தெரியத் தெரிய இன்னொன்றும் தெரிந்தது. அறைக்குள்ளே கடும் சிவப்பு. அது ஸ்டேண்டைத் தாண்டி, கல்லைத் தாண்டி, எங்கள் பக்கத்துக்கு ஒரு வால் மாதிரி நீண்டிருந்தது. மங்கலான நீலம்தான். ஆனால் இருந்தது. என் மகள் உட்காருகிற இடம் சரியாக அந்த வாலுக்குள்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு கணக்கு முடிந்தது. அவள் வெகுநேரம் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் எதையோ பெருக்கினாள், வெட்டினாள், மறுபடி பெருக்கினாள். நான் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பெரியும்மா, ரெண்டு விசயம். ஒன்டு, அந்த இடத்தில ஆள் இருக்கக் கூடாது. வெளியில இருக்கிற ஆளுக்கு இவ்வளவு கதிர்தான் படலாம் எண்டு ஒரு அளவு இருக்கு. அதைத் தாண்டுது. ஸ்டேண்டை மாத்தத்தான் வேணும்."

"மற்றது?"

"மற்றது, இது வரைக்கும் வந்தது பிள்ளைக்கு ஏதும் செய்யிற அளவுக்குக் கிட்டவும் இல்ல. ஆள் இருக்கக் கூடாத அளவு வேற, பிள்ளைக்குக் கெடுதி செய்யிற அளவு வேற. மிச்சம் தூரம், ரொம்பத் தூரம்."

"அப்ப ஒன்டும் ஆகாது."

"ஆகுற சாத்தியம் மிச்சம் மிச்சம் குறைவு."

"ஒன்டும் ஆகாது எண்டு சொல்லு."

"அப்படிச் சொல்ல ஏலாது பெரியும்மா. கணக்கு அப்படிப் பேசாது. ஒரு கதிரும் படாத பிள்ளைக்குக்கூட ஒன்டும் ஆகாது எண்டு கணக்கால சொல்ல ஏலாது."

இதைத்தான் நான் பிறகு மாதக்கணக்காக வாய்க்குள் போட்டு மென்றேன். குறைவு என்றால் இருக்கிறது என்றுதானே. கோடிப் பேரில் ஒருத்தருக்கு என்றால், அந்த ஒருத்தர் ஏன் என் வீட்டில் இருக்கக் கூடாது? எங்கள் வீட்டைத் துன்பம் தேடி வந்த விதத்தைப் பார்த்தால், தாயக்கட்டைக்கு எங்கள் முகவரி நன்றாகத் தெரியும் என்றுதான் எனக்குப் பட்டது.

அன்று முழுக்க மணி தைத்துக்கொண்டிருந்த மகள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நாளைக்குக் காலையில நான் போய்ச் சொல்லுறன்" என்றாள்.

"ஐயோ புள்ள, மாமி என்ன சொல்லியிருக்காங்க? தெரிஞ்சா..."

"மாமிட கண்ணூறை விட இது பெரிசு உம்மா. எனக்குப் பொறகும் அந்தச் சுவருக்குப் பின்னால ஒருத்தி இருப்பாளே. அந்த எக்ஸ்ரேக்கு வாற பொம்புளயள்ளயும் எத்தினை பேர் என்னைப் போல வாயை மூடிட்டு வாறாங்களோ."

சனிக்கிழமை காலை அவள் முன்னால் நடந்தாள். நானும் தங்கச்சி மகளும் பின்னால். வாங்கு நிறைய ஆண்கள். எக்ஸ்ரே தம்பி நம்பர் எழுதிய கடுதாசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நெஞ்சுப் படம் எடுக்கிறதை நிப்பாட்டுங்க" என்றாள் மகள். "அந்தச் சுவருக்கு அங்கால நான்தான் இருக்கன். எனக்கு வயித்தில பிள்ளை."

வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகத் தரையைப் பார்த்தார்கள். தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. தங்கச்சி மகள் லெப்டொப்பைத் திறந்து அந்த நீல வாலைக் காட்டினாள். அவர் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ராத்தா, அண்டைக்கே சொல்லிரிக்கலாமே" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கோபமாக இல்லை. அதனால்தான் இன்னும் சுட்டது. உடனே முதலாளிக்குப் போன் எடுத்தார். பேசி முடித்துவிட்டு வந்து தலையைச் சொறிந்தார். "பழைய இடத்துக்கே போடச் சொல்றாரு. ஆனாப் பொம்புளயள் திரும்பவும் எடுக்காமப் போவாங்களே. நெஞ்சில சளியோட வந்து, வெக்கத்தில அப்படியே திரும்பிப் போறாங்க. அதுக்கு என்ன செய்றது?"

"வாங்கைத் திருப்பிப் போடுங்க" என்றாள் மகள்.

"என்ன?"

"பொம்புளயளுக்கு வெக்கம் எண்டு பெரிய மெசினையே திருப்பினீங்க. ஆம்புளயளைத் திருப்பி இருத்த ஒருத்தருக்கும் யோசினை வரல்லையா? ரோட்டைப் பார்த்து இருக்கட்டும்."

வாங்கில் கடைசியாக இருந்த ஒரு வயசாளி இருமிக்கொண்டே கேட்டார்: "அப்ப நம்பர் கூப்பிடுறது எப்படி மகள் தெரியும்?"

"நம்பரைக் காதாலதானே கேக்குறீங்க மாமா?"

பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் தொண்டையைச் செருமினார். பிறகு அந்த வயசாளிதான் முதலில் எழுந்தார். இரண்டு பேர் வாங்கைத் தூக்கித் திருப்பினார்கள். எல்லாரும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல. ஸ்டேண்ட் அன்று பின்னேரமே பழைய சுவருக்குப் போனது. அது போகும் வரை அவர்கள் ஒரு நெஞ்சுப் படமும் எடுக்கவில்லை.

ஆனால் சொன்னது சொன்னதுதான். மத்தியான லுஹருக்கு முன்னமே கனமூலைக்குச் செய்தி போய்விட்டது. சம்பந்தி போனில் என்னைப் பேசிய பேச்சை எழுத மாட்டேன். அதற்குப் பிறகு எக்ஸ்ரேக்கு வருகிற பெண்கள் எங்கள் கடை வாசலிலும் எட்டிப் பார்த்தார்கள். "எப்படி இருக்கா மகள்?" என்பார்கள். சிலர் வயிற்றைப் பார்த்துத் துஆ செய்துவிட்டுப் போவார்கள். நான் முன்னர் கதிருக்குப் பயந்ததோடு இந்தக் கண்களுக்கும் பயந்தேன். ஒவ்வொரு கிளினிக்குக்கும் நானும் கூடப் போய், நேர்ஸின் புருவம் அசைந்தால் என்ன அர்த்தம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேனில் எல்லாம் சரி என்றார் டொக்டர். "எல்லாம் எண்டா எல்லாமா?" என்று கேட்டு மகளிடம் காலில் மிதி வாங்கினேன். பிள்ளை கொஞ்சம் அசையாமல் கிடந்தால் பயம். கூடுதலாக அசைந்தால் அதற்கும் பயம். கனவில் அந்தச் சின்னத் தண்ணீர் உருண்டை வரும். நடுவில் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் விழித்துவிடுவேன்.

தங்கச்சி மகள் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். அங்கிருந்து கிழமைக்கு ஒரு தரம் போன் எடுப்பாள். "ராத்தா சுகமா?" என்று என் மகளைப் பற்றிக் கேட்பாள். நான் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்பேன். அவளும் அலுக்காமல் அதே பதிலைச் சொல்லுவாள். மிச்சம் மிச்சம் குறைவு பெரியும்மா. குரலில் ஒரு நாளும் ஆட்டம் இருக்காது. இவ்வளவு படித்தால் பயமே இல்லாமல் போய்விடும் போல என்று எனக்கு அவள் மீது பொறாமையாகவும் இருந்தது.

பிள்ளை ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் பிறந்தது. ஆண் பிள்ளை. நேர்ஸ் கொண்டுவந்து கையில் தந்தபோது என்னால் துணியை விலக்கிப் பார்க்க முடியவில்லை. "பாருங்க அம்மா, ஹொந்தட்ட இன்னவா, நல்லா இருக்கு" என்று பாதி சிங்களத்தில் அவளே விலக்கிக் காட்டினாள். நல்ல சத்தம் போட்டு அழுதான். காது, மூக்கு, கால் எல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாதது எத்தனையோ இருக்குமே என்றும் நினைத்தேன். நான் அப்படித்தான்.

வராந்தாவுக்கு வந்து தங்கச்சி மகளுக்குப் போன் எடுத்தேன். வகுப்பில் இருந்திருப்பாள் போல. உட்கார்ந்திருந்த கதிரை இழுபடுகிற சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் கேட்டது.

"பெரியும்மா? பிள்ளை? பிள்ளை சுகமா?"

"அல்ஹம்துலில்லாஹ். ஆம்புளப் பிள்ளை. எல்லாம் நல்லம்."

மறுபக்கம் கரகரவென்று ஒரு சத்தம். லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. அவள் விம்மிக்கொண்டிருந்தாள். ஆட்களுக்கு முன்னால் அழக் கூடாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை.

"என்ன புள்ள? ஏன்?"

"நான் அந்தச் சுவரைக் கொம்பியூட்டர்ல எந்தக் கல்லு எண்டு போட்டன் எண்டு ஒவ்வொரு நாளும் யோசிச்சன் பெரியும்மா. உள்ளுக்கு ஓட்டைக் கல்லா, முழுக் கல்லா எண்டு தட்டிப் பார்த்துத்தான் போட்டன். பிழையாப் போட்டிருந்தா கணக்கு முழுக்கப் பிழை. பயந்து பயந்து செத்துட்டன்."

"அப்ப ஏன் புள்ள எனக்கு ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"உங்களுக்கா?" என்றாள். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கும் வந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுபடி அழத் தொடங்கினாள். "ஒன்டுமில்ல புள்ள, அழாத, ஒன்டும் ஆகல்ல" என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே நின்றேன். அவள் அடங்கும் வரை, என் கைபேசியில் காசு முடிந்து லைன் நின்றுபோகும் வரை சொன்னேன்.